இறையும் இறைப்பும்: காபன் வரியின் அறம் பற்றி

தமிழில் ‘இறை’ என்னும் சொல் கடவுளையும், அரசனையும், அரசனுக்குச் செலுத்தும் வரியையும் ஒருங்கே குறிக்கும். அதே ஒலியில் பிறக்கும் ‘இறைத்தல்’ என்னும் வினையோ கிணற்றிலிருந்து நீரை மேலேற்றுவதைக் குறிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில், வரி நீக்கி விடப்பட்ட நிலம் ‘இறையிலி’ எனப்பட்டது. இந்தச் சொல்லுறவு வெறும் ஒலியொற்றுமையாகவும் இருக்கலாம். ஆயினும் காபன் வரி பற்றிய உலக விவாதம் இலங்கையின் வன்னி வயல்களை வந்தடையும்போது, எந்த இறை எந்த இறைப்பின் மீது விழுவது முறை என்பதே அதன் அறக்கேள்வியாக எஞ்சி நிற்கிறது.

காபன் வரி என்பது, எரிபொருளை எரிப்பதாலோ வேறு தொழிலாலோ வளியில் சேரும் வெப்பமூட்டும் வாயுக்களின் அளவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தொன்னுக்கும் இவ்வளவு என்று விதிக்கப்படும் வரியாகும். ஒருவன் தன் ஆதாயத்துக்காகச் செய்யும் செயலின் தீங்கு வேறொருவன் தலையில் விழுமானால், அந்தத் தீங்கின் பெறுமதியைச் செய்தவனின் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று ஆங்கிலப் பொருளியலாளர் பிகூ 1920 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்ட கருத்தே இதன் வேர். கமத்தொழிலில் இத்தகைய வாயுக்கள் மூன்று வழிகளில் வெளியேறுகின்றன. உழவு இயந்திரமும் நீர்ப்பம்பியும் எரிக்கும் எண்ணெயிலிருந்து காபனீரொட்சைட்டும், நீர் தேங்கிய வயற்சேற்றிலிருந்தும் மாடுகளின் இரைப்பையிலிருந்தும் மெதேனும், மண்ணிலிட்ட யூரியாவிலிருந்து நைதரசு ஒட்சைட்டும் வருகின்றன. இவற்றுள் முதலாவதை மட்டுமே எண்ணெய் நிரப்பு நிலையத்தில் எளிதாக அளக்கலாம். மற்ற இரண்டும் மண்ணுக்கு மண், போகத்துக்குப் போகம் மாறுபவை. அளக்க எளிதானது எதுவோ அதன் மீதே வரி முதலில் விழும் என்பது வரி வரலாற்றின் பழைய பழக்கம்.

ஏ9 வீதியும் முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியும் சந்திக்கும் மாங்குளமும் அதன் சுற்றூர்களும் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பொருத்தமான நிலம். ஊரருகே ஓடும் கனகராயன் ஆறு வடக்கே இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளம் இருக்கிறது. குளத்து நீர் எட்டும் வயல்களில் காலபோகத்தோடு சிறுபோகமும் நடக்கும். எட்டாதவை மானாவாரியாக மழையை நம்பியே விதைக்கப்படும். கிணற்றடித் தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் கச்சானும் பம்பியின் துணையால் வளரும். இவ்வாறு ஒரே ஊருக்குள் மூன்று வகைக் கமக்காரர் இருக்க, எரிபொருள் மீது விழும் வரி மூவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. குளத்து நீர் மடை திறந்தால் தானாகப் பாய்கிறது. மானாவாரிக்காரர் உழவுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் மட்டுமே எண்ணெய்ச் செலவைச் சுமக்கிறார். கிணற்றடிக்காரரோ ஒவ்வொரு நீர்ப்பாய்ச்சலுக்கும் எண்ணெயைக் காசாக எரிக்கிறார்.

வரியைச் சட்டப்படி செலுத்துபவர் ஒருவராகவும் அதன் சுமையை உண்மையில் தாங்குபவர் இன்னொருவராகவும் இருக்கலாம் என்பதைப் பொருளியலாளர் ‘வரிச்சுமைப் பெயர்வு’ என்ற கருத்தால் விளக்குவர். பேருந்துக்காரர் எண்ணெய் விலை ஏறினால் கட்டணத்தை ஏற்றுகிறார்; பேக்கரிக்காரர் பாண் விலையை ஏற்றுகிறார். நெல் விற்பவருக்கு அந்த வழி இல்லை, ஏனெனில் அவருடைய பொருளின் விலையை வாங்குபவரே சொல்கிறார். அரசு அறிவிக்கும் உத்தரவாத விலை 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாவாக இருந்தது. அந்த விலை நாடு முழுவதற்கும் ஒன்றே, நீர் மடையால் வந்ததா பம்பியால் வந்ததா என்று அது கேட்பதில்லை. ஆகவே கமத்தின் இடுபொருள் மீது விழும் வரி மேலே ஆலைக்காரரிடமோ நுகர்வோரிடமோ பெயர்வது அரிது. அது கீழே, குத்தகைக்காரரின் மிச்சத்திலும் கூலியாளின் நாட்கூலியிலும் இறங்கிவிடுகிறது.

இலங்கையில் கமத்தின் மீது காபன் வரி என்ற பெயரில் இன்றுவரை எதுவும் விதிக்கப்படவில்லை. 2018 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க நிதிச் சட்டத்தால் 2019 இல் நடைமுறைக்கு வந்த காபன் வரி வாகனங்களின் மீதானது. இயந்திரத்தின் கொள்ளளவையும் எரிபொருள் வகையையும் வாகனத்தின் வயதையும் பார்த்து அது அறவிடப்பட்டது. ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. எரித்த புகைக்கு அன்றி, வைத்திருந்த இயந்திரத்துக்கு வரி வாங்கிய அந்த ஏற்பாட்டில், ஆண்டு முழுவதும் ஓடிய வாகனமும் கொட்டிலில் நின்ற வாகனமும் சமமாயின. பழைய வாகனத்துக்கு வீதம் கூடுதலாக இருந்ததால், புதியதை வாங்க வசதியற்றவரே அதிகம் செலுத்த நேர்ந்தது. அதை ஒரு தவறிய முயற்சி என்று கடந்துவிடலாம். ஆனால் பெயரில்லாமல் வந்தவற்றை அவ்வாறு கடக்க முடியாது.

எண்ணெயும் பசளையும் எட்டாத விலைக்குப் போனால் ஒரு கமத்துக்கு என்ன நேரும் என்னும் சோதனையை வன்னி மூன்று முறை தாங்கியிருக்கிறது. முதலாவது, 1990 முதல் 2002 இன் தொடக்கம் வரை நீடித்த போர்க்காலப் பொருளாதாரத் தடை; மண்ணெண்ணெய், டீசல், இரசாயனப் பசளை ஆகியவை தடைசெய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தன, கிடைத்தவை பன்மடங்கு விலைக்கு விற்றன, வீடுகளில் சிறு போத்தல் விளக்குகள் எரிந்தன. புவியின் வெப்பத்தைக் குறைப்பது எவருடைய நோக்கமாகவும் இருக்கவில்லை என்றாலும், காபன் குறைந்த வாழ்வு ஒன்று வறுமையின் வழியாக அங்கே திணிக்கப்பட்டது. இரண்டாவது, 2021 மே 6 ஆம் திகதிய வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. உடல்நலம், சூழல், அந்நியச் செலாவணி என்று பல காரணங்கள் அதற்குச் சொல்லப்பட்டன. நைதரசன் விரயத்தை 2030 க்குள் பாதியாக்குவது என்னும் கொழும்புப் பிரகடனம் 2019 ஒக்ரோபரிலேயே வெளியாகியிருந்தது. அந்த இலக்கு பதினொரு ஆண்டுகள் அளித்தது. வர்த்தமானியோ ஒரு போகத்தைக்கூட அளிக்கவில்லை. 2021/22 காலபோக நெல் விளைச்சல் முந்திய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகச் சரிந்தது. தடை நவம்பரில் விலக்கப்பட்டது. நெற்செய்கையாளருக்கு 40 பில்லியன் ரூபா இழப்பீடு தருவதாக 2022 ஜனவரியில் அரசு அறிவிக்க நேர்ந்தது.

மூன்றாவது சோதனையைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2022 ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 2.5 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆகவே 253 ரூபா ஏற்றம் என்பது ஒரு தொன்னுக்கு ஓர் இலட்சம் ரூபாவைச் சற்றே கடந்த காபன் வரிக்குச் சமம். அன்றைய நாணய மாற்றில் அது 280 டொலர் அளவுக்கு வரும். காபன் வரியை 1991 இலேயே தொடங்கி, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றை வைத்திருக்கும் சுவீடனில் அக்காலத்தில் அது 130 டொலரை ஒட்டியே இருந்தது. அங்கேயும் கமத்தொழிலுக்கான டீசலுக்கு வரித்தளர்வு உண்டு. 87 ரூபா என்பது மானிய விலை, 340 ரூபா உண்மை விலைக்கு அண்மையானது, ஆகவே இது வரியன்று, மானிய நீக்கமே என்று மறுக்கலாம். அந்த மறுப்பு சரியானதும்கூட. ஆனால் பம்பியைத் தொடக்கக் கயிறு இழுப்பவரின் மடிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்த இடத்தில் கமக்காரரைக் குற்றமற்றவராகச் சித்திரித்துவிடும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். யூரியா மூடை 500 ரூபாவுக்கும் பின்னர் நெல்லுக்கு இலவசமாகவும் கிடைத்த ஆண்டுகளில், பயிர் கேட்டதைவிடக் கூடுதலாக அது வயலில் கொட்டப்பட்டது. மிஞ்சிய நைதரசன் வாய்க்காலிலும் வளியிலும் கலந்தது. மலிவு விரயத்தைக் கற்பிக்கிறது என்னும் பிகூவின் வழிவந்தோரின் வாதத்துக்கு இலங்கையின் பசளை மானியம் நல்ல சான்று. மேலும், வெப்பமாதலின் தீங்கு வன்னிக்கு வெளியே எங்கோ நிகழ்வதன்று. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் சில மணிநேர மழையில் வெள்ளக்காடாகி, இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, விதைத்த வயல்கள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் புரட்டியது. ஒரு புயலை ஒரு புகைக்கூண்டோடு நேராக முடிச்சிட முடியாது என்றாலும், சூடேறிய வளி கூடுதல் ஈரத்தைச் சுமந்து கனமழையாகக் கொட்டும் என்பது இயற்பியல். ஆகவே காபன் வரியே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வன்னி இல்லை. அதை உலகில் எவரும் செலுத்தாவிட்டால் அதிகம் இழப்பவர்களுள் வன்னிக் கமக்காரரும் ஒருவர்.

உழவில் தீங்கு உண்டா என்பது புதிய கேள்வியுமன்று. இரும்புக் கொழு மண்ணையும் மண்ணுக்குள் வாழும் உயிர்களையும் புண்படுத்துவதால் உழவு நல்லோரால் பழிக்கப்படும் தொழில் என்று மனுநூல் சொல்கிறது. சமணமும் கொல்லாமையை அதன் எல்லைவரை கொண்டுசென்று உழவைத் தயக்கத்தோடு பார்த்தது. திருவள்ளுவரோ உழவுக்கென்றே தனியதிகாரம் வகுத்து, இல்லறத்தார் மட்டுமன்றித் துறவியரும் உழவரின் உழைப்பின் மீதே நிற்கின்றனர் என்னும் முடிவுக்கு வந்தார். கொழு புழுவைக் கொல்கிறது என்பதை அவர் அறியாதவர் அல்லர்; கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் எழுதியவர் அவர். தீங்கு செய்யும் தொழில் ஒன்று, அதை வெறுப்பவரையும் உண்பிக்கிறது என்னும்போது, அந்தத் தீங்கை உழவர் ஒருவரின் பாவமாக எழுத முடியாது. உண்பவர் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே அந்த முடிவின் உட்பொருள். காபன் கணக்காளர்கள் ஒரு கிலோ அரிசியின் மெதேனை விளைத்தவரின் பெயரில் எழுதுவதா உண்டவரின் பெயரில் எழுதுவதா என்று இன்று விவாதிப்பதும் இதைத்தான்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும். பல பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். இப்பகுப்பை வளிமண்டலத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. இரு நூற்றாண்டுகளாக நிலக்கரியாலும் எண்ணெயாலும் சேர்ந்து, நூற்றாண்டுகள் கடந்தும் நீங்காமல் நிற்கும் காபன் சஞ்சிதம். இன்றைய வறட்சியும் வெள்ளமும் பிராரத்தம். இன்று எரிவது ஆகாமியம். இப்படி வைத்தவுடன் காபன் வரியின் பெருங்குறை வெளிப்பட்டுவிடுகிறது, அது ஆகாமியத்துக்கு மட்டுமே விலை கேட்கிறது. அந்தச் சஞ்சிதத்தைச் சேர்த்தவர்கள் தம் பழைய கணக்கைக் காட்டாமலே தப்ப, ஆண்டு வெளியீட்டில் உலகின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத இலங்கையின் ஒரு பம்பிக்காரர் இன்று எரிக்கும் லீற்றருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவராகிறார். ஒப்புமை முறியும் இடமும் கவனத்துக்குரியது: சித்தாந்தத்தில் ஒருவர் செய்த வினை அவரையே சென்று சேரும், இறைவன் அதை வழுவாமல் கூட்டுவிப்பான், காபனோ செய்தவரை விட்டுவிட்டுக் காற்றுப்போன போக்கில் எவரையும் பிடிக்கும். கூட்டுவிப்பதற்கு அங்கே இறை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அரசின் இறை தன்னை வைத்துக்கொள்கிறது. அவ்விடத்தில் இருக்க அதற்குத் தகுதி வேண்டும்.

அந்தத் தகுதி எது என்பதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு தெளிவான விடை வந்தது. டில்லியின் அறிவியல் சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991 இல் எழுதிய நூலில், ஏழை நாடுகளின் நெல்வயலும் மாடும் வெளிவிடும் மெதேனைச் செல்வ நாடுகளின் கார்கள் வெளிவிடும் புகையோடு ஒரே நிரலில் கூட்டிக் காட்டுவது நேர்மையற்றது என்று வாதிட்டனர். உயிர் பிழைப்பதற்கான வெளியீடு ஒன்று, சொகுசுக்கான வெளியீடு வேறு. மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1993 இல் இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக்கினார். ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறைப் போலத்தான் வெப்பத்தைப் பிடிக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று வானம் கேட்பதில்லை என்பது எதிர்வாதம். வானம் கேட்பதில்லை என்பது உண்மை. வரி விதிப்பது வானம் அன்று என்பதும் உண்மை.

சமயங்கள் விளைச்சலின் மீது விதித்த கடமைகளுள் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வருவது இசுலாத்தின் ‘உஷ்ர்’ என்று கருத இடமுண்டு. வானத்து மழையாலோ இயல்பாக ஓடும் நீராலோ விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், கருவி கொண்டோ விலங்கு கொண்டோ இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கும் அறத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும். இறைத்தவரின் உழைப்பும் செலவும் அங்கே பாதியாகக் கழிக்கப்படுகின்றன. அறமன்றி அரசின் வருவாயையே குறியாகக் கொண்ட அர்த்தசாத்திரமும் நீர்ப்பங்கு கேட்கையில், கையால் இறைத்தவனிடம் ஐந்தில் ஒன்று, தோளில் சுமந்தவனிடம் நான்கில் ஒன்று, பொறியால் பாய்ச்சியவனிடம் மூன்றில் ஒன்று என, உடலை வருத்தியவனுக்குக் குறைத்தே கேட்டது. எரிபொருள் மீதான காபன் வரி இந்தப் பழைய ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது: மழை பெற்றவருக்கு வரி குறைவு, மழை தவறியதால் இறைக்க நேர்ந்தவருக்கு வரி கூடுதல். வறட்சி ஆண்டில்தான் பம்பி அதிக நேரம் ஓடும். வெப்பமாதலால் மழை தவறுகிறது என்றால், அந்தத் தவறுக்கு ஈடாக இறைத்தவரிடமே வெப்பமாதலுக்கான வரியும் வாங்கப்படும். பிகூவின் கோட்பாட்டில் இதற்கு விடை இல்லை.

வரி வாங்கும் முறையிலேயே அறம் கெடலாம் என்பதற்கு இத்தீவின் வரலாற்றில் சான்று உண்டு. பிரித்தானியர் காலத்து நெல்வரி, விளைந்தாலும் விளையாவிட்டாலும் காசாகக் கேட்கப்பட்டபோது, 1880களில் வலப்பனையில் நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதை வெளிக்கொணர்ந்தவர் நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர். ஆளுநர் ஆர்தர் ஹவ்லொக் காலத்தில், 1892 இல், அந்த வரி ஒழிக்கப்பட்டது. பழந்தமிழில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடி நிலவரி நிலுவையை நீக்கிக்கொண்டார் என்று புறநானூற்றின் குறிப்பு கூறும். அதே தொகையில் பிசிராந்தையார், முறையறியாது வரி வாங்கும் அரசனை வயலுக்குள் தானே புகுந்த யானைக்கு ஒப்பிட்டதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். மாங்குளத்துக் கமக்காரருக்கு அது உவமையன்று, காட்டோர வயலில் இரவு நிகழ்வது.

காட்டைப் பற்றிச் சொல்கையில் கணக்கின் இன்னொரு பக்கமும் தெரிகிறது. முல்லைத்தீவு இத்தீவின் காடடர்ந்த மாவட்டங்களுள் ஒன்று. அக்காடு வளியிலிருந்து காபனை இழுத்து வைத்திருக்கிறது. போரால் மக்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் பற்றைக்காடாகிவிட்ட வயல்கள் சில, அவர்கள் மீண்டபோது வனத்திணைக்களத்தின் எல்லைக்கற்களுக்குள் இருந்தன. அவற்றை விடுவிக்கும் கோரிக்கை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. இழந்த வயலில் வளர்ந்த மரத்தின் காபன் நாட்டின் வரவாக எழுதப்படும். வயலை இழந்தவரின் பம்பிப் புகை அவருடைய பற்றாக எழுதப்படும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் காபன் உரிமங்களின் வாணிகத்தை ஐயத்தோடு பார்த்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

வெளிநாட்டு முயற்சிகள் இரண்டு இங்கே பயன்படும். கமத்தின் வெளியீட்டுக்கு விலை வைப்பதாக 2022 இல் அறிவித்த நியூசிலாந்து, பண்ணையாளரின் எதிர்ப்பாலும் ஆட்சி மாற்றத்தாலும் 2024 இல் அதைக் கைவிட்டது. டென்மார்க்கோ பண்ணையாளர் அமைப்பையும் சூழலியக்கத்தையும் ஒரே மேசையில் அமர்த்தி, 2024 இல் உடன்பாடு கண்டது. 2030 முதல் கால்நடை வெளியீட்டுக்குத் தொன்னுக்கு 300 குரோனர், 2035 இல் 750 குரோனர், ஆனால் அறுபது வீதக் கழிவு உண்டு என்பதால் உண்மையில் விழுவது 120 உம் 300 உம் மட்டுமே. அங்கே வரி வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கழிவு எழுதப்பட்டுவிட்டது. செல்வம் மிக்க நாட்டின் பெரும்பண்ணைக்கே இவ்வளவு அவகாசம் தேவைப்பட்டது.

அந்தக் கழிவைப் போலவே, வாங்கிய வரியைத் திருப்பிக்கொடுத்தல் என்பதும் கருணையன்று, வரியின் பொறியமைப்பில் ஒரு பகுதி. எண்ணெய் மீது வரியை வாங்கி, அந்தத் தொகையை லீற்றர்க் கணக்கில் அன்றி ஏக்கர்க் கணக்கில் பயிர்செய்பவருக்கே திருப்பிக்கொடுத்தால், எண்ணெயைச் சிக்கனப்படுத்தியவருக்குக் கையில் மிச்சம் நிற்கும். விரயத்தைக் குறைக்கும் தூண்டுதல் கெடாமலே பசி தடுக்கப்படும். இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது: கமநல சேவை நிலையங்களின் வயற்பதிவேட்டை வைத்து ஹெக்டேருக்கு 25,000 ரூபா பசளை உதவி 2024/25 காலபோகத்தில் வங்கிக் கணக்குகளில் இடப்பட்டது. அதன் ஓட்டையும் அங்கேயே இருக்கிறது. பதிவில் பெயருள்ளவர் ஒருவரும் சேற்றில் இறங்குபவர் இன்னொருவருமாக இருக்கும் இடங்களில், குத்தகைக்காரர் வரியைச் செலுத்த, திருப்பிய பணம் காணிக்காரரைச் சேரும். வன்னியில் அந்தக் காணிக்காரர் சில வேளை கடல் கடந்தும் இருப்பார். கிணற்றடித் தோட்டங்களோ நெற்பதிவேட்டுக்குள் வருவதே இல்லை.

ஆகவே கமத்தைத் தொடும் காபன் வரிச் சட்டம் ஒன்றை எழுத எவர் அமர்ந்தாலும், வரிவீதத்தைச் சொல்லும் பிரிவுக்கு முன்னே திருப்பிக்கொடுக்கும் பிரிவை எழுதட்டும். அந்தப் பிரிவில் காணிக்காரரின் பெயருக்கு முன்னே பயிர்செய்பவரின் பெயர் வரட்டும். மழை தவறியதாக அறிவிக்கப்பட்ட போகத்தில் இறைத்த நீருக்கு இறை இல்லை என்று அதிலேயே எழுதட்டும்.